கசக்கிக் கொண்டுவந்த வெள்ளைச் சட்டை

மோப்பக்காவின் மூக்கைப் பற்றிச் சொன்னால் பாதிப்பேர் நம்பமாட்டார்கள். நம்புகிற மீதிப்பேர் அவளுடைய சலவைக்கடையில் துணி போட்டவர்கள். ஒரு சட்டையை எடுத்து உதறி, காலரை மூக்கருகே கொண்டுபோய் ஓர் இழுப்பு இழுத்தாள் என்றால் போதும். அதைப் போட்டிருந்தவர் நேற்று எந்த நாற்காலியில் சாய்ந்து தூங்கினார், யாரோடு மல்லுக்கு நின்றார், வீட்டுக்குப் போய் என்ன பொய் சொன்னார் என்பது வரைக்கும் புட்டுப்புட்டு வைத்துவிடுவாள். எதிர்வரிசை வக்கீல் வழக்கில் தோற்கப்போகிறார் என்று தீர்ப்பு வருவதற்கு முன்பே அவருடைய அங்கியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாளாம். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள்தான். ஆனால் ரொம்பக் கூட்டவில்லை.

கடை அப்பா விட்டுப்போனது. முன்னால் ஒரு நீளமேஜை, கூரையிலிருந்து குழாயோடு தொங்கும் நீராவி இஸ்திரிப்பெட்டி, எப்போதும் வியர்த்துக்கொண்டிருக்கும் கண்ணாடிக் கதவு. பின்னறையில் சலவை இயந்திரங்கள் பேய் பிடித்தது போல ஆடும். மாடியில் வீடு. பஸ் ஓட்டுகிற தம்பியும் தம்பி மனைவியும் அவளுமாக அங்கே குடியிருந்தார்கள். தம்பி மனைவிக்குக் கடையில் பொத்தான் தைக்கிற வேலை. தைத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் கதைப் புத்தகம்.

கதை என்றால் ஒரே கதைதான். அட்டையில் மணல்மேடு, ஒரு வெள்ளைக்குதிரை, கூர்மூக்கோடு ஒரு ஷேக், அவன் கையில் பாதி மயங்கிச் சரிந்த ஒரு பெண். ஷேக் யாரென்று சொல்லாமல் சாதாரண ஆளாக வருவான். பெண் அவனை முதலில் வெறுப்பாள். பிறகு மணற்புயல் அடிக்கும். அடித்து முடிந்தால் அரண்மனை. இந்த மாதிரிப் புத்தகங்கள், வாடிக்கையாளர் காத்திருக்கும் பெஞ்சுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கிடந்தன. தம்பி மனைவி அவற்றைக் கரைத்துக் குடித்தவள். மோப்பக்காவும் ஒன்று விடாமல் படித்திருந்தாள்; ஆனால் அவள் படித்த காரணமே வேறு என்று சாதிப்பாள். ஏமாற்ற வருகிறவன் எப்படியெல்லாம் பேசுவான் என்று ஒரு பெண் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டாமா என்பாள். அரண்மனை வருகிற பக்கங்கள் மட்டும் ஏன் இவ்வளவு கசங்கியிருக்கின்றன என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை.

அவளுக்கு இந்தச் சந்தேகப் புத்தி பிறவியிலேயே வந்ததல்ல. இளவயதில் ஒரு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். அவன் ஆசையாகத் தன் சட்டையை அவள் கையால் தேய்த்துத் தரச்சொல்லிக் கொடுத்தான். தேய்க்கும்போது மூன்றாவது பொத்தானில் இஸ்திரிப்பெட்டி தயங்கி நின்றது. மற்ற பொத்தான்கள் கடையில் தைத்தவை. அது மட்டும் வீட்டில் யாரோ நூலை இரட்டையாய்க் கோத்து, அடியில் சுற்றிச் சுற்றி, இனி இவன் ஆயுளுக்கும் அறுந்துவிழக் கூடாது என்பதுபோலத் தைத்தது. அவனுக்கோ அம்மா இல்லை, அக்கா தங்கை இல்லை. விசாரித்துப் பார்த்தால் வேறோர் ஊரில் பெண்டாட்டி இருந்தாள். கல்யாணம் நின்றது. தெருவே அவள் புத்தியை மெச்சியது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் மோப்பக்கா.

மெச்சியதோடு விட்டிருக்கலாம். அதன்பிறகு வந்த வரன்களை எல்லாம் அவள் மோந்தே துரத்தினாள். ஒருவன் கைக்குட்டையில் மிதமிஞ்சிய வாசனை: எதையோ மறைக்கிறான். இன்னொருவனுக்கு வாசனையே இல்லை: எதையோ ரொம்ப நன்றாக மறைக்கிறான். ஒருவன் முழங்காலில் மட்டும் துணி தேய்ந்திருந்தது. அவன் தரை ஓடு பதிப்பவன் என்று பின்னால்தான் தெரிந்தது. அதற்குள் அவனுக்கு வேறிடத்தில் கல்யாணம் நிச்சயமாகி, அவளுடைய கடையிலேயே கல்யாணச் சட்டையைத் தேய்த்துக்கொண்டு போனான். இப்படியே தலையில் நரை எட்டிப்பார்த்துவிட்டது.

அப்போதுதான் வெள்ளைச்சட்டைக்காரர் வந்தார்.

ஆள் இந்த ஊர்க்காரர் இல்லை. கடல் தாண்டி, பாலைவனம் உள்ள தேசம். வந்து சில வருஷமாகி, நம் பேச்சை எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல நிதானமாகப் பேசுவார். முதல்நாள் அவர் உள்ளே நுழைந்தபோது மோப்பக்கா கருகிய ஒரு கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு வாடிக்கையாளரிடம் பொரிந்துகொண்டிருந்தாள். ஊரின் பெரிய ஹோட்டல் சலவைக்கூடம்தான் அவளுக்குப் பரம எதிரி. எந்தத் துணி கருகினாலும் அவர்கள் தலையில்தான் விடியும். அங்கே இருக்கிறவர்களுக்குக் கையில் உயிரே கிடையாது, அவர்களிடம் சட்டையைக் கொடுப்பதும் அடுப்பில் போடுவதும் ஒன்றுதான் என்று வெளுத்து வாங்கினாள். வந்தவர் கையில் சட்டையோடு அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று தம்பி மனைவி கேட்டதற்கு, ஒரு கணம் யோசித்து, "ஹோட்டல்ல" என்று மட்டும் சொன்னார்.

பிறகு வாரம் தவறாமல் வந்தார். எப்போதும் வெள்ளைச் சட்டை. எப்போதும் கடைசி ஆளாக வந்து, மற்றவர்களை முன்னால் விட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து அவள் தேய்ப்பதைப் பார்ப்பார். வாயில் ஈ போவது தெரியாமல் பார்க்கிற பார்வை இல்லை அது. அவள் கை போகிற திசையில் அவர் கண்ணும் போகும். மடிப்பு சரியாக விழுந்தால் அவர் தோள் இறங்கும். மோப்பக்காவுக்கு அது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டாள். அவர் வருகிற நாளில் மட்டும் தலையை இரண்டுதரம் வாரிக்கொண்டாள்.

தம்பி மனைவிக்குக் கொண்டாட்டம். படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று ஷேக் கதைகளை அவர் கையில் திணித்தாள். அவரும் உட்கார்ந்து மரியாதையாகப் படித்தார். ஒரு பெண்ணைத் தூக்கிக் குதிரையில் போட்டுக்கொண்டு மணலில் இவ்வளவு தூரம் ஓட்டினால் குதிரையின் கதி என்னாவது என்று கவலைப்பட்டார்.

"உங்க ஊர்ல அரண்மனை எல்லாம் பார்த்திருக்கீங்களா?" என்று நூல் விட்டுப் பார்த்தாள் தம்பி மனைவி.

"பார்த்திருக்கேன். கீழ்த்தளம் மட்டும்."

அவர் போனதும் கடை இரண்டுபட்டது. அடக்கத்தைப் பார்த்தீர்களா, சொந்த அரண்மனையைப் பற்றி எவ்வளவு குறைத்துச் சொல்கிறார், இது கட்டாயம் வேஷம் போட்டு வந்த ஷேக்தான் என்றாள் தம்பி மனைவி. அரண்மனையின் கீழ்த்தளத்தில் ஒருவனுக்கு என்ன வேலை, அங்கே போகிறவன் ஒன்று திருடன், இல்லை பிடிபட்டு அடைபட்ட திருடன் என்றாள் மோப்பக்கா. ராத்திரி மாடியில் தம்பி சோற்றிலிருந்து தலையைத் தூக்கி, "அக்கா, இந்த ஆளையாவது மோந்து பார்த்துத் துரத்திடாத" என்றான். அவ்வளவுதான் சொன்னான். ஆனால் விடிய விடிய அது அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது.

சட்டைகளும் சும்மா இருக்கவில்லை. காலரில் அழுக்கு இல்லை. முழங்கை மடங்கிய தடம் இல்லை. உட்கார்ந்து எழுந்த சுருக்கம் இல்லை. ஆனால் கசங்கியிருந்தன, கையால் பிசைந்ததுபோல. போடாத சட்டையைக் கசக்கிக் கொண்டுவருகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தன்னைப் பார்க்க ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. அது புரிந்த அன்று, மற்ற எவனாக இருந்தாலும் கேட்டுக் கிழித்திருப்பவள், எதுவும் கேட்காமல் தேய்த்துக் கொடுத்தாள். யாருக்கும் சொல்லவுமில்லை.

பிறகு ஒருநாள் கடையில் வேறு யாரும் இல்லாதபோது அவர் எழுந்து மேஜைக்கு வந்தார். இந்த மாசக் கடைசியோடு வேலை ஒப்பந்தம் முடிகிறது என்றார்.

"போகணும்னா போகலாம். இருக்கச் சொன்னா இருக்கேன்."

"யாரு சொல்லணும்?"

"நீங்கதான்."

மோப்பக்காவுக்கு இஸ்திரிப்பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இந்த வயதில், இந்தத் தெருவில், வேற்று தேசத்து ஆளைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறேன் என்று சொல்லி, அதுவும் பொய்யாகப் போனால் அப்புறம் எந்த முகத்தோடு இந்த மேஜைக்குப் பின்னால் நிற்பது? சொல்லாமல் விட்டாலோ, அடுத்த மாசத்திலிருந்து கடைசி ஆளாக யாரும் வரமாட்டார்கள். அதையும் நினைத்துப் பார்த்தாள்.

"சட்டை ரெடியாகட்டும், சொல்றேன்" என்றாள்.

அவர் போனதும் சட்டையை விரித்தாள். விரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவசரமோ படபடப்போ, இந்தமுறை முழுதும் கசக்கியிருக்கவில்லை. சட்டையின் இடது கை மட்டும் தப்பியிருந்தது. அந்தக் கையில், தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், நடுவில் கோடே இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சட்டைக்கையைத் தட்டையாகப் போட்டுத் தேய்த்தால் விளிம்பில் கோடு விழும். ஊரில் எல்லாக் கடையும் அப்படித்தான், மோப்பக்காவே அப்படித்தான். கோடு விழாமல் இருக்க வேண்டுமானால் துண்டை உருட்டிக் கைக்குள் செருகி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி, பெட்டியின் நுனியால் தடவிக்கொடுக்க வேண்டும். ஒரு கைக்கு ஆகிற நேரத்தில் ஒரு முழுச்சட்டையைத் தேய்த்துவிடலாம். பிழைப்புக்குத் தேய்க்கிறவர்கள் அதைச் செய்யமாட்டார்கள். அன்புக்குத் தேய்க்கிறவர்கள்தான் செய்வார்கள்.

பழைய மூன்றாவது பொத்தான் அவள் கண்முன் வந்து நின்றது.

வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். உருகி உருகித் தேய்த்துக் கொடுக்கிறாள். அதை இந்த மனுஷன் வெளியே கொண்டுவந்து கசக்கி, இன்னொருத்தியிடம் நீட்டுகிறான். ஏமாற்றுகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். இப்படி ஒருத்தியின் உழைப்பைக் கையால் பிசைந்து அழிக்கிற ஆளைக் கதையில்கூடப் பார்த்ததில்லை. தனக்காக வந்த கோபத்தைவிட, முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காக வந்த கோபம்தான் பெரிதாக இருந்தது. அப்படித்தான் தம்பி மனைவியிடம் சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்ததற்கு நீராவியைக் குறை சொன்னாள்.

தம்பி மனைவிக்கு அது எடுபடவே இல்லை. "அண்ணி, அரண்மனைல தேய்க்கிறதுக்குன்னே ஆயிரம் பேர் இருப்பாங்க. ஒருத்தருக்கு இந்தக் கை, ஒருத்தருக்கு அந்தக் கை. உங்களைச் சோதிக்கிறதுக்காக இங்க கொண்டுவர்றாரு. கதைல வர்றதுதானே?"

"கதைல ஷேக்குக்கு ஏற்கெனவே நாலு பெண்டாட்டி இருக்கிறதும்தான் வருது."

"அவங்கள்லாம் கடைசில நல்லவங்களா ஆயிடுவாங்க அண்ணி."

நேரிலேயே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவானது. அவர் பொய்யர் என்று தெரிந்தால் சட்டையை அவர் முகத்தில் எறிந்துவிட்டு வருவது, அதோடு சரி. மறுநாள் மத்தியானம் மோப்பக்கா தேய்த்த சட்டையைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டாள். தம்பி மனைவி ஷேக்கின் பரிவாரங்களைச் சந்திக்கப்போகிறவள்போல இருப்பதிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு கூடவே கிளம்பினாள்.

ஹோட்டலின் முன்வாசலில் தரை முகம் பார்க்கிற மாதிரி மினுங்கியது. வரவேற்பு மேஜைப் பெண்ணிடம் மோப்பக்கா ஆளின் உயரத்தைச் சொன்னாள், மூக்கைச் சொன்னாள், தேசத்தைச் சொன்னாள். அப்படி ஒருவர் தங்கவுமில்லை, மேலே எந்த அலுவலகத்திலும் வேலை பார்க்கவுமில்லை என்று அந்தப் பெண் சிரித்த முகம் மாறாமல் சொல்லிவிட்டாள். மோப்பக்காவின் கையில் காகிதம் நொறுங்கியது. ஹோட்டல் என்றதும் பொய். அப்போது மற்றதெல்லாம்?

கட்டடத்தைச் சுற்றித் திரும்பிப் போகிற வழியில் பின்வாசல் காவல்காரர் குறுக்கே வந்தார். தம்பி மனைவி விடாமல் அவரிடமும் அங்க அடையாளம் சொன்னாள். "அவரா? இப்படியே இறங்கிப் போங்க" என்று ஒரு படிக்கட்டைக் காட்டினார் அவர். படி இருட்டிக்கொண்டு கீழே போனது. அரண்மனைக்கு அடியில் சுரங்கம் இருக்கும்தானே என்று தம்பி மனைவி காதில் கிசுகிசுத்தாள். மோப்பக்காவின் மூக்குக்கு மட்டும் பாதிப் படியிலேயே வேறொன்று எட்டியது. வெந்நீர், சோப்பு, சூடேறிய பருத்தித் துணி. அவளுடைய கடையின் வாசனை.

கீழே பெரிய கூடம். கொடிகளில் படுக்கை விரிப்புகள் சுவர் சுவராகத் தொங்கின. அவளுடைய பரம எதிரியின் கோட்டை அதுதான். சாப்பாட்டு வேளை, மேஜைகளெல்லாம் காலியாக இருந்தன. கோடியில் ஒன்றைத் தவிர. மோப்பக்கா தம்பி மனைவியை இழுத்துக்கொண்டு ஒரு விரிப்புக்குப் பின்னால் ஒண்டி நின்றாள்.

வெள்ளைச்சட்டைக்காரர் பனியனோடு நின்றுகொண்டிருந்தார். முன்கையில் பழைய சூட்டுத் தழும்புகள். அவள் கையில் இருப்பவை போலவே, அதே இடத்தில். மேஜையில் அவருடைய சொந்தச் சட்டை. ஒரு துண்டை உருட்டிக் கைக்குள் செருகினார். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி, பெட்டியின் நுனியால் தடவிக்கொடுத்தார். முடித்துவிட்டுத் துண்டை உருவினார். கோடே இல்லை. சட்டையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, அதைக் கசக்கினார்.

"அந்தச் சட்டையைக் கீழ வைங்க" என்றாள் மோப்பக்கா.

அவர் திரும்பினார். ஓடவில்லை. சட்டையைக் கீழே வைத்துவிட்டு, அது அகப்பட்ட திருட்டுப் பொருள்போல இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்றார்.

"உங்க வீட்டுல வேற யாரு தேய்க்கிறா?"

"யாரும் இல்ல. எங்கப்பா சொல்லிக்குடுத்த கை இது. துவைச்ச சட்டையைத் தேய்க்காம விடாது. அரண்மனைல கீழ்த்தளத்துல அவருக்குத்தான் வேலை. அங்க இருக்கிறவங்களுக்குச் சட்டைக்கைல கோடு இருந்தாப் பிடிக்காது. அவருக்கு அப்புறம் நான் பார்த்தேன்."

"அப்ப ஏன் பொய் சொன்னீங்க?"

"சொல்லல. ஹோட்டல்ல வேலைன்னு சொன்னேன். எந்த மாடின்னு நீங்க கேக்கல." கொஞ்சம் தயங்கினார். "அன்னைக்கு நீங்க அந்தக் கால்சட்டையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. ஹோட்டல் ஆளுங்களுக்குக் கைல உயிர் இல்லேன்னீங்க. நாந்தான் அந்த ஆளுன்னு எப்படிச் சொல்றது? அப்புறம் அந்தப் புத்தகங்களைக் குடுத்தாங்க. எல்லாத்துலயும் ஷேக் வெள்ளை உடுப்புல வர்றாரு. மணல்ல உருண்டாலும் வெள்ளையாவே இருக்கு. அதைத் தேய்ச்சது யாருன்னு ஒரு புத்தகத்துலயும் இல்ல. அந்த ஆளுக்கு யாராவது காத்திருப்பாங்களான்னும் இல்ல."

விரிப்புக்குப் பின்னாலிருந்து தம்பி மனைவி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

இவ்வளவு நேரான பதில்களை மோப்பக்கா அவ்வளவு சுலபமாக நம்புகிறவள் இல்லை. மேஜைக்குப் போனாள். சட்டையை எடுத்து உதறினாள். காலரை மூக்கருகே கொண்டுபோனாள். தோள்பட்டைத் தையலைப் புரட்டினாள். பொத்தான்களை ஒவ்வொன்றாக நிமிண்டினாள்; எல்லாமே கடையில் தைத்தவை, ஒன்று கொஞ்சம் ஆடிக்கொண்டுகூட இருந்தது. அவளுக்குத் தெரிந்த எல்லா வழியிலும் தேடினாள். அவர் பரீட்சைத் தாள் திருத்துவதைப் பார்க்கிற பையன்போல நின்றார். கடைசியில் காலருக்கு அடியில் அவள் விரல் நின்றது.

"இங்க ஒரு சுருக்கம்."

"அதை நான் கசக்கல" என்றார் அவர் அவசரமாக.

"தெரியுது. தேய்க்கும்போதே விட்டுட்டீங்க. காலரை நுனிலேருந்து உள்ள கொண்டுவரணும். நீங்க உள்ளேருந்து வெளிய தள்ளுறீங்க." அவருடைய இஸ்திரிப்பெட்டியைக் கையில் எடுத்து எடை பார்த்தாள். நல்ல பெட்டிதான், அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. கசங்கிய சட்டையை விரித்து, தண்ணீர் தெளித்து, காலரை நுனியிலிருந்து தேய்க்க ஆரம்பித்தாள். அவர் சத்தம் போடாமல் மேஜையின் மறுபக்கம் வந்து, துண்டை உருட்டி, கைக்குள் செருகித் தயாராகப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே கசக்காதீங்க" என்றாள், தலையைத் தூக்காமல். "கஷ்டமா இருக்கு பார்க்க."

"எனக்கும்தான். அதான் கண்ணை மூடிக்குவேன்."

"மாசக் கடைசில எங்கயும் போக வேணாம். கடைல ரெண்டாவது மேஜை போட இடம் இருக்கு."

அவ்வளவுதான் அவள் சொன்ன சம்மதம். தம்பி மனைவி ஒரு மணற்புயலாவது எதிர்பார்த்திருந்தாள், கிடைத்ததெல்லாம் நீராவி.

அதற்குப் பிறகு அந்தக் கடைச் சட்டைகளைப் பார்த்தால் எந்தக் கடை என்று யாரும் சொல்லிவிடலாம். காலர் அவளுடையது, கோடு விழாத கை அவருடையது. ஹோட்டல்காரர்களைத் திட்டுவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. நல்ல ஆளைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள், இனிமேல்தான் உண்மையாகவே கருக்கப்போகிறார்கள் என்று காரணத்தை மாற்றிக்கொண்டாள். அவர் வெளியே போய்வந்தால் சட்டையை இன்றைக்கும் ஒருதரம் மோந்து பார்க்கத்தான் செய்கிறாள். அவரும் சட்டையைக் கழற்றியதும் கேட்காமலே நீட்டிவிடுகிறார்.

தம்பி மனைவிதான் இன்னும் மசியவில்லை. பொத்தான் தைத்துக்கொண்டே ஓரக்கண்ணால் அவரைப் பார்ப்பாள். ஒருநாள் அண்ணியைத் தனியே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"நீங்க நம்பிட்டீங்க அண்ணி. நான் நம்பல. ஒரு மனுஷன் இத்தனை வருஷம் வேஷத்தைக் கலைக்காம இருக்காருன்னா, அங்க எவ்வளவு பெரிய அரண்மனையா இருக்கணும், யோசிச்சுப் பாருங்க."

மோப்பக்கா சிரித்தாள். சிரித்து முடித்தபிறகு, இரண்டாவது மேஜைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.